பதினாலு மணி இருபத்திரண்டு நிமிஷம்

"மனிதன் பொய் சொல்வான். சாட்சி பொய் சொல்வான். சில சமயம் பிணம்கூடப் பொய் சொல்லும். ஆனால் தூரம் பொய் சொல்லாது! இரண்டு நகரங்களுக்கு நடுவே வானம் எவ்வளவு என்று படைத்தவன் அளந்து வைத்துவிட்டான். அதில் ஓர் அங்குலம் கூட்டவோ குறைக்கவோ எந்தக் குற்றவாளியாலும் முடியாது!"

இப்படி முழங்கியபோது சர்வதேசத் துப்பறிவாளர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் நின்றுகொண்டிருந்தார். எதிரே சுவரில் உலகப் படம். கையில் ஒரு தையல் டேப். டேப்பின் ஒரு முனையை உள்ளூரில் வைத்து அழுத்திக்கொண்டு, மறுமுனையால் கடல்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். போய்ச் சேரவேண்டிய தூரதேசத்து நகரம் இருந்த இடத்தில் சுவரில் ஈரம் ஊறி, காகிதம் உரிந்து தொங்கியது.

"அத்தான், அந்தப் பக்கம் கண்டமே இல்ல. போன மழையில கரைஞ்சு போச்சு," என்றான் வால்.

"ஆபீஸ்ல சார்னு கூப்பிடு."

"சார், அந்தப் பக்கம் கண்டமே இல்ல."

வால் அவருடைய உதவியாளன். மனைவியின் தம்பியும்கூட. எப்போதும் அத்தான் பின்னாலேயே போகிறான் என்று அக்கா வைத்த பெயர் அது. அத்தானுக்கு ஊர் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்த பெயர், அவரே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்ட 'சர்வதேசத் துப்பறிவாளர்' என்பதுதான்.

"மெதுவா சார்," என்றாள் கீழே நின்ற தையல்காரி. டேப் அவளுடையது. "இழுபட்டா அளவு கெட்டுடும். அப்புறம் நான் தைக்கிற சட்டையெல்லாம் தொளதொளன்னு போயிடும்."

தையல்காரிதான் கட்சிக்காரி. அவள் கணவன் மெத்தைத் தொழிற்சாலை முதலாளியின் வீட்டில் கார் ஓட்டுகிறவன். போன வாரம் ஒரு சாயங்காலம் முதலாளியம்மாவின் மரகத மாலை படுக்கையறை அலமாரியிலிருந்து காணாமல் போயிற்று. வீட்டுச் சாவி முதலாளியிடம் ஒன்று, ஓட்டுநரிடம் ஒன்று. அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஓட்டுநர் உண்மையைச் சொன்னான். அதுதான் வினையாகிப் போயிற்று.

"ஏர்போர்ட் ரோட்டு பெட்ரோல் பங்க்ல டயருக்குக் காத்து அடிச்சுக்கிட்டு இருந்தேங்க. பக்கத்துக் கடையில நம்ம மாப்பிள்ளை ஐயா அரைக்கால் சட்டையோட பிஸ்கட் வாங்கிட்டிருந்தார். என்னைப் பாத்ததும் பாக்கெட்டால மூஞ்சிய மறைச்சுக்கிட்டார்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். முதலாளி வீடே சிரித்தது. முதலாளியின் மாப்பிள்ளை அன்றைக்குக் கடல் கடந்து, உலக மெத்தைக் கண்காட்சியில் அல்லவா இருந்தார்! பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற மனிதர் பெட்ரோல் பங்க் பக்கத்தில் பிஸ்கட் வாங்கினார் என்று கூசாமல் சொல்கிறவன், மாலையையும் கூசாமல் எடுத்திருப்பான் என்று முடிவாயிற்று. பங்க்காரனுக்கு ஓட்டுநரை ஞாபகம் இல்லை. அவன் டயரைத்தான் பார்ப்பானாம், முகத்தை அல்ல. கடையில் மாட்டியிருந்த கேமரா திருடர்களைப் பயமுறுத்த வைத்த வெறும் டப்பா. ஓட்டுநர் இப்போது உள்ளே இருக்கிறான். நாளைக் காலையில் ஜாமீன் விசாரணை. மாப்பிள்ளை அன்றைக்கு ஊரில்தான் இருந்தார் என்று காட்டிவிட்டால் ஓட்டுநர் வெளியே. காட்டாவிட்டால் அவன் பொய்யன்தான், திருடன்தான்.

"பாஸ்போர்ட்டை வாங்கிப் பாத்தா அஞ்சு நிமிஷ வேலை சார்," என்றான் வால், நான்காவது முறையாக.

"முதலாளி தர மாட்டேன்னு சொல்லிட்டாரே. டிரைவருக்காக என் மாப்பிள்ளை பாஸ்போர்ட் காட்டணுமான்னு கேட்டாரே."

"கோர்ட்ல கேக்கச் சொல்லலாமே."

"பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பாக்கறது குமாஸ்தா வேலை," என்றார் பூதக்கண்ணாடி, சற்று அவசரமாகவே. "ஒரு கனவான் போயிட்டு வந்தேன்னு சொன்னா, காகிதத்தைக் காட்டுன்னு கேக்கறது அநாகரிகம். எனக்கு மூளை இருக்கு. என் அனுபவம் இருக்கு."

அனுபவம் என்ற சொல்லைக் கேட்டதும் வால் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துகொண்டான். அது என்ன கதை என்று அவனுக்குத் தெரியும். போன வருஷம் அத்தான் உலகத் துப்பறிவாளர் மாநாட்டுக்குப் போய்வந்தார். அதே தூரதேசத்து நகரம். அங்கே குளிரும் என்று அக்கா மூன்று வாரம் உட்கார்ந்து பச்சைக் கம்பளியில் ஒரு குல்லா பின்னிக் கொடுத்தாள். நடுவில் பச்சை நூல் தீர்ந்துபோய் ஒரு வரி மட்டும் மஞ்சள். அந்தக் குல்லாவை மாநாட்டு மண்டபத்து வாசலில் பனிப்புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கும் டிவியில் எங்காவது பனி பெய்தால் அக்கா, "பாவம், காது எப்படி விறைச்சிருக்கும்," என்று அத்தானின் காதைப் பார்ப்பாள்.

"நான் அந்த வழியில பறந்தவன்," என்றார் அவர் தையல்காரியிடம். "ஏறி உக்காந்ததுலேர்ந்து இறங்கற வரைக்கும் பதினாலு மணி இருபத்திரண்டு நிமிஷம். கடிகாரத்தைப் பாத்துட்டே இருந்தேன். இப்ப பொறி என்னன்னா, மாப்பிள்ளைகிட்ட சாதாரணமாப் பேச்சுக் குடுத்து, பிரயாணம் எவ்வளவு நேரம்னு கேக்கப் போறேன். போகாதவன் உளறுவான். ஒம்பதும்பான், இருபதும்பான். அங்கேயே பிடிச்சுடுவேன்."

தையல்காரி டேப்பைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "நல்லபடியா முடியட்டும் சார்," என்றாள்.

*

மாப்பிள்ளை வரவேற்பறையில் சாய்ந்திருந்தார். கழுத்தில், விமானத்தில் தூங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் வளைந்த தலையணை. ஊர் திரும்பி ஒரு வாரமாகியும் அதைக் கழற்றவில்லை.

"உடம்பு இன்னும் அந்த ஊர் நேரத்துலயே இருக்கு," என்று கொட்டாவி விட்டார். "உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"எனக்கா புரியாது?" என்று பூதக்கண்ணாடி பெருமூச்சு விட்டார். "போன வருஷம் திரும்பி வந்து பத்து நாள், பகல்ல தூக்கம், ராத்திரி பசி."

அந்தப் பத்து நாளும் ராத்திரியில் அலமாரியைக் குடைந்தது அத்தான்தான் என்று வாலுக்கு இப்போது தெரிந்தது. அக்கா எலி என்று நினைத்துப் பொறி வைத்திருந்தாள்.

"நீண்ட பிரயாணம் இல்லையா அது? ஒரு பத்து மணி நேரம் இருக்குமா?" பொறியின் கதவு திறந்தது.

மாப்பிள்ளை தலையணையைச் சரிசெய்துகொண்டார். "பத்தா? யார் சொன்னது? பதினாலு மணி இருபத்திரண்டு நிமிஷம். ஜன்னலோர சீட். கீழ மேகம், மேல நான்."

பூதக்கண்ணாடியின் முகம் ஊசி குத்திய பலூனாகச் சுருங்கியது. வால் மட்டும் விடவில்லை.

"திரும்பி வரும்போது சார்?"

"அதே பதினாலு மணி இருபத்திரண்டு நிமிஷம்."

"போறப்பவும் வர்றப்பவும் நிமிஷம் பிசகலையா? எங்க பஸ்ஸே அப்படி வராதே."

"பஸ்ஸுல போறவங்க பஸ்ஸைப் பத்தித்தான் பேசுவாங்க," என்றார் மாப்பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டே.

வாசலுக்கு வந்ததும் பூதக்கண்ணாடி படியில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. அவன் போயிருக்கான். நிமிஷம் முதற்கொண்டு சரியாச் சொல்றான். எனக்கும் அதே இருபத்திரண்டு. அனுபவம் இல்லாம இது வராது."

"அந்த அலட்டலைப் பாத்தா எனக்கு நம்பிக்கை வரல அத்தான்."

"சார்."

"ஆபீஸ் இல்லியே இது, தெரு."

"தெருவுலயும் சார்!"

*

பகல் முழுக்கப் புழுக்கம். ஆபீஸ் மின்விசிறி சுற்றுவதாகப் பாவனை செய்தது. தையல்காரி ஓரமாக உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது வாலுக்கு.

"அம்மா," என்று பூதக்கண்ணாடி கடைசியில் தொண்டையைச் செருமினார். "மனசைத் திடப்படுத்திக்குங்க. உங்க வீட்டுக்காரர் யாரையோ பாத்து மாப்பிள்ளைன்னு நினைச்சிருக்கார். நானே அந்த ஆகாயத்துல போனவன். அந்தாளு சொல்ற கணக்கு துல்லியமா இருக்கு."

"அவருக்குப் பார்வை நல்லா இருக்கு சார்," என்றாள் தையல்காரி. "பதினெட்டு வருஷமா இடிக்காம கார் ஓட்டறார். எட்டு வருஷமா அந்த மூஞ்சிக்குத்தான் கதவு திறந்து விடறார். அதையா மறப்பார்?"

வால் எரிச்சலோடு தொலைபேசியை எடுத்தான்.

"என்னடா பண்ற?"

"விமானக் கம்பெனிக்குப் போடறேன். அன்னிக்கு விமானம் எத்தன மணிக்குக் கிளம்பிச்சுன்னாவது கேக்கறேன்."

"வேண்டாத வேலை," என்றார் அவர். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "நான் போயிருக்கேன்னு சொல்றேனே!"

முதல் கம்பெனியில் புல்லாங்குழல் வாசித்தார்கள். முக்கால் மணி நேரம் வாசித்துவிட்டு வைத்துவிட்டார்கள். இரண்டாவது கம்பெனியில் ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று பதினைந்து தடவை சொன்னது. 

"முக்கியம்னா எடுத்துத் தொலையேன்!" என்று வால் ரிசீவரைப் பார்த்துக் கத்தினான். தையல்காரி எழுந்துபோய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். 

மூன்றாவது கம்பெனியின் பதிவுக் குரல் போகவேண்டிய ஊரைக் கேட்டது. சொன்னான். பிறகு, எந்த ஊரில் இறங்கி விமானம் மாற விரும்புகிறீர்கள், ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும், மூன்றை அழுத்தவும் என்றது.

"எங்கயும் மாறாம நேராப் போக என்ன அழுத்தணும்?" என்று வால் கேட்டான். குரல் மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று என்றது. கோபத்தில் எல்லா எண்ணையும் சேர்த்து அழுத்தினான். அந்த அதிர்ச்சியில்தானோ என்னவோ, நிஜ மனிதர் ஒருவர் வந்தார்.

"நேராப் போற விமானமா? கிடையாதுங்க," என்றார் அவர். "நாங்கன்னு இல்ல, எந்தக் கம்பெனியும் அந்த வழியில நேரா விடறதில்ல. இதுவரைக்கும் விட்டதுமில்ல. வழியில எங்கயாவது இறங்கி, காத்திருந்து, மாறித்தான் போகணும். எப்படிப் போனாலும் இருபது மணி நேரத்துக்குக் குறையாது."

வால் நன்றி சொல்லி வைத்தான். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பி, உள்ளூர்ப் பெயரையும் தூரதேசத்து ஊரின் பெயரையும் போட்டு, விமான தூரம் எவ்வளவு என்று தேடினான். முதலில் வந்த பக்கமே சொன்னது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே வானத்தில் ஒரே கோடு இழுத்து, ஏதோ ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தது: பன்னிரண்டாயிரத்து எழுநூற்று எண்பத்தாறு கிலோமீட்டர். பதினாலு மணி இருபத்திரண்டு நிமிஷம்.

எந்த விமானமும் பறக்காத பிரயாணத்தின் நேரம் அது. பார்த்து எழுதியவனுக்கு மட்டும்தான் தெரியும். போனவனுக்குத் தெரியவே தெரியாது.

வால் திரும்பி அத்தானைப் பார்த்தான். அத்தான் உத்திரத்தில் ஏதோ தடயம் இருப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றான் வால் மெதுவாக. "மாப்பிள்ளை போகல. போயிருந்தா நடுவுல இறங்கி மாறிருப்பாரு. அவரு சொன்ன நேரம் கம்ப்யூட்டர்ல பாத்த நேரம்."

தையல்காரியின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் அவளுக்கு இயல்பாக ஒரு சந்தேகமும் வந்தது. "அப்போ சார் எப்படிப் போனாரு? சாருக்கும் அதே நேரம்தானே?"

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"அது வந்து... என் விஷயம் வேற," என்றார் பூதக்கண்ணாடி. "மாநாட்டுக்காரங்க ஏற்பாடு. தனி விமானம்."

"ஆமாம்மா," என்றான் வால், அத்தானின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ரொம்பத் தனி. அதுல யாருமே இல்ல."

தையல்காரி தலையாட்டினாள். பெரிய மனிதர்களுக்கு எல்லாமே தனியாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். "போகலன்னு தெரிஞ்சிடுச்சு. ஆனா இங்க இருந்தார்னு யாராவது வந்து சொல்லணுமே தம்பி? நாளைக்குக் காலையில கேப்பாங்களே?"

அந்தக் கேள்வியில் வாலின் உற்சாகம் வடிந்துவிட்டது. ஊரில் ஒளிந்துகொள்ள எத்தனை இடம்! ஒரு சாயங்காலத்துக்குள் எங்கே என்று தேட? அவன் மேஜையில் குத்தினான். மேஜைதான் ஆடியது.

தையல்காரி டேப்பை விரலில் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பூதக்கண்ணாடி அவளைப் பார்த்தார், உரிந்து தொங்கும் உலகப் படத்தைப் பார்த்தார், மச்சினனைப் பார்க்கவில்லை.

"போகாதவன் எங்க ஒளிவான்?" என்று கடைசியில் ஆரம்பித்தார். குரலில் முழக்கம் இல்லை. "தினம் வீட்டுக்குப் போன் பண்ணணும். பண்ணும்போது பின்னால விமானச் சத்தம் கேக்கணும். அதனால ஏர்போர்ட்டை விட்டு விலக மாட்டான். ஓடுபாதைக்குப் பின்பக்கம் மூணாவது தெரு. நீலக் கேட் போட்ட ஒரு லாட்ஜ். மாடியில கிழக்குப் பக்கத்து ரூம்னா சத்தம் நல்லாக் கேக்கும். வெந்நீர் காலையில மட்டும்தான்."

"வெந்நீர் வரைக்கும் அனுமானமா சார்?"

"அனுமானம் ஒருதரம் கிளம்பிட்டா எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது," என்றார் அவர். "ஆட்டோ பிடி."

*

வெயில் தாழ்ந்திருந்தது. லாட்ஜின் நீலக் கேட்டுக்கு முன்னால் ஆட்டோ நின்றதும் பூதக்கண்ணாடி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருக்கையின் மூலைக்கு நகர்ந்தார்.

"நீ போய்க் கேளு. நான் பின்பக்கத்தைக் கண்காணிக்கிறேன்."

"இங்கேர்ந்து பின்பக்கம் தெரியாதே."

"போடா!"

லாட்ஜ் மேனேஜர் கேட்டருகே நின்று தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வால் காட்டிய மாப்பிள்ளையின் புகைப்படத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இங்க தங்கறவங்க விஷயம் வெளிய போகாது தம்பி. அதுக்காகவேதான் இங்க வர்றாங்க. தெரிஞ்சவங்க யாராவது வந்து கேட்டா வேற கதை. நீ யாரு?"

தலைக்குமேல் ஒரு விமானம் தாழ்ந்து போயிற்று. அது போகிறவரை வால் கெஞ்சியது யாருக்கும் கேட்கவில்லை. போன பிறகு கேட்டதும் பயன்படவில்லை. அவன் ஆட்டோவுக்குத் திரும்பி வந்து தலையாட்டினான். தையல்காரி இறங்கி, தானே கேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

"இருங்கம்மா," என்றார் பூதக்கண்ணாடி.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பல் பிடுங்கப் போகிறவர் நடப்பதுபோல நடந்து கேட்டருகே போய் நின்றார்.

மேனேஜர் தண்ணீர் லாரியை மறந்தார். "அடடே, வாங்க சார்! இந்த வருஷமும் மாநாடா? உங்க கிழக்கு ரூம் காலியாத்தான் இருக்கு!"

வால் ஆட்டோவின் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"மாநாடு இல்ல," என்றார் பூதக்கண்ணாடி. "எனக்கு ஒரு உதவி வேணும். அந்தப் போட்டோவைப் பாருங்க."

மேனேஜர் இப்போது பார்த்தார். "இவரா! கழுத்துல மெத்தை மாதிரி ஒண்ணு மாட்டிட்டு வந்தாரே. நாலு நாள் உங்க ரூம்லதான் இருந்தார். ஒருநாள் சாயங்காலம் பிஸ்கட் வாங்கப் போனவர் மூச்சிரைக்க ஓடி வந்து, யாராவது தேடினா நான் இல்லன்னு சொல்லுங்கன்னு கதவைச் சாத்திக்கிட்டார். என்ன சார், ஏதாவது தப்புத்தண்டாவா?"

"அந்தப் பிஸ்கட்டைப் பாத்தவர் இந்தம்மாவோட வீட்டுக்காரர். பாத்தேன்னு சொன்னதுக்காக உள்ள இருக்கார். நாளைக்குக் காலையில கோர்ட்டுக்கு வந்து இதை அப்படியே சொல்லணும். எனக்காக."

மேனேஜர் தையல்காரியைப் பார்த்தார். அவள் டேப்பின் இரண்டு முனைகளையும் ஒரே கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வர்றேன்மா," என்றார். "பெட்டி திருடினவனுக்கே இங்க சாட்சி சொல்லிருக்கேன். திருடாதவருக்குச் சொல்ல என்ன? லாட்ஜ் முதலாளிகிட்ட லீவு மட்டும் கேட்டுடறேன். உள்ள வாங்க."

தையல்காரி கும்பிட்டாள். வரவேற்பறைப் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். பூதக்கண்ணாடி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரிலிருந்த வெந்நீர் அறிவிப்பை ஆழ்ந்து படித்தார்.

"அத்தான்," என்றான் வால், அவர் காதோரமாக.

இந்த முறை அவர் திருத்தவில்லை. "உங்க அக்காகிட்ட..." என்று மட்டும் ஆரம்பித்தார்.

"நான் எதுக்குச் சொல்றேன்? பனிப்புயல்ல போன மனுஷன் உயிரோட திரும்பினதே பெரிசு."

மேனேஜர் மேஜைக்குப் பின்னால் போனார். லாட்ஜ் முதலாளியிடம் பேச, தூசு படாமலிருக்கத் தொலைபேசியின்மேல் மாட்டியிருந்த உறையைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

அது பச்சைக் கம்பளி. நடுவில் ஒரு வரி மஞ்சள்.